நல்லூர்த் திருவிழாவும் காண வருவோரும்

நகரங்கள் தம்மைப் பிறர்க்குக் காட்டிக்கொள்ளும் நாட்கள் சில உள. கத்தோலிக்க நாடுகள் பலவற்றிலே தபசுகாலத்துக்கு முன் வீதிதோறும் களியாட்டு ஊர்வலங்கள் நிகழ்கின்றன. கண்டி மாநகரிலே எசல மாதத்திற் பெரகரா நிகழ்கின்றது. மதுரையிலே சித்திரைத் திருவிழா நிகழ்கின்றது. அந்நாட்களில் அவ்வந் நகரங்களைக் கண்டவன், ஆண்டின் ஏனைய நாட்களில் அறிய முடியாத பலவற்றை அறிந்து திரும்புகின்றான். யாழ்ப்பாணத்துக்கு அத்தகைய நாட்களாய் உள்ளவை நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மகோற்சவ நாட்கள் 25 ஆம்.

இவ்விழாவைக் காணப் பிற ஊர்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வருவோர் சில வினாக்களை வினவுகின்றனர். எந்நாளில் வருதல் நன்று? எதனை உடுத்தல் வேண்டும்? எங்கே நிற்றல் வேண்டும்? எதனைச் செய்யலாகாது? இவ்வினாக்களுக்குச் சுருங்கிய விடைகள் உள. ஆயின் ஒவ்வொரு விடையின் பின்னும் ஒரு சரித்திரம் நிற்கின்றது. அச்சரித்திரத்தை அறியாது வருபவன் வேடிக்கை பார்த்துச் செல்கின்றான்; அறிந்து வருபவன் விருந்தினனாகின்றான். ஆதலின் விடையையும் சரித்திரத்தையும் ஒருங்கு சேர்த்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் காலத்தை நோக்குவாம். நல்லூர் விழாவின் தொடக்கத்தை அறிதற்கு ஆடி அமாவாசையை அறிந்தாற் போதும். அவ்வமாவாசையன்று மாவிட்டபுரத்துக் கந்தன் கீரிமலையிலே தீர்த்தமாடுகின்றான். அதன் பின் ஆறாம் நாள் நல்லூரிலே கொடி ஏறுகின்றது. கொடியேற்றத்துக்குரிய கொடிச்சீலையைச் செங்குந்த மரபினர் பத்தியோடு கொண்டுவந்து கோயிலில் ஒப்புவிப்பர். விழா 25 நாள் நடந்து ஆவணி அமாவாசையிலே தீர்த்தத்துடன் முடிவுறும். அவ்வமாவாசையிலேயே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் கொடியேறும். இங்ஙனம் குடாநாட்டின் முருகன் கோயில்கள் மூன்று, ஒன்றன் கையிலிருந்து மற்றொன்று தீபம் வாங்குவது போல, விழாவைத் தொடர்ந்து நடத்துகின்றன. ஆங்கில மாதக் கணக்கிலே யூலை இறுதிக்கும் செத்தெம்பர் நடுப்பகுதிக்கும் இடையிலே நல்லூர் விழா பெரும்பாலும் அமையும். ஆண்டுதோறும் நாட்கள் மாறுதலின் வருவோர் பஞ்சாங்கத்தைப் பார்த்தே பயணத்தை ஒழுங்கு செய்தல் வேண்டும்.

நல்லூர் விழாவிலே பத்தாம் நாள் மஞ்சம். 23 ஆம் நாள் சப்பறம். 24 ஆம் நாள் தேர். 25 ஆம் நாள் தீர்த்தம். மறுநாட் பூங்காவனமும் திருக்கல்யாணமும் நிகழும். கார்த்திகை உற்சவம் நட்சத்திரத்தைப் பற்றி வருவது. தேருக்கு மட்டும் வந்து அன்றே திரும்புவோர் பலர். தேர் காணவேண்டுவதே. ஆயினும் தேரன்று காண்பது பெருங்கூட்டத்தை, திருவிழாவை அன்று. விழாவின் இயல்பை அறிய விரும்புவோர் இடையிலுள்ள சாதாரண நாளொன்றின் மாலையிலே வருதல் வேண்டும். அப்பொழுது வீதியிலே இடமுண்டு. மணலில் இருந்து பஜனை கேட்கலாம். முதியோர் தம் பேரப்பிள்ளைகளுக்கு வாகனங்களின் பெயர் சொல்லிக் கொடுப்பதைக் கேட்கலாம். மூன்று நாள் தங்க இயலுமாயின் இடையில் ஒரு நாளும், சப்பறமும், தேருமாக அமைத்துக்கொள்ளுதல் நன்று. ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. நல்லூரிலே குறித்த நேரத்திற் குறித்த பூசை நிகழும், எவர்க்காகவும் பிந்துவதில்லை. நேரந் தாழ்த்தி வருவோன் சுவாமி உள்ளே எழுந்தருளியபின் வெறும் வீதியையே காண்பான்.

இனிக் கோயிலின் வரலாற்றைக் காண்பாம். நல்லூர் ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசிருக்கையாய் விளங்கிய நகரம். கந்தசுவாமி கோயிலை முதலில் எடுப்பித்தவன் யார் என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. யாழ்ப்பாண வைபவமாலை புவனேகபாகு என்னும் அமைச்சனைக் கூறும். சக வருடம் 870 எனக் காலங் குறிக்கும் பழைய தனிச்செய்யுளும் உண்டு. பிற்காலச் சரித்திர ஆசிரியர் பலர், கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவனாய் 1450 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரயன், அஃதாவது செண்பகப்பெருமாள், இக்கோயிலை எடுப்பித்தான் அல்லது புதுக்கினான் என்பர். அவனே பின்னர்க் கோட்டைக்குச் சென்று ஆறாம் புவனேகபாகு என்னும் பெயருடன் முடிசூடியவன். இவ்விரு கொள்கைகளுள் எது சரியாயினும் ஓர் உண்மை நம் முன் நிற்கின்றது. இன்றும் நல்லூரிலே கட்டியங் கூறும்பொழுது சங்கபோதி புவனேகபாகு என்னும் பெயர் கூறப்படுகின்றது. சங்கபோதி என்பது சிங்கள அரசர் சூடிய விருதுப்பெயர். படையெடுத்து வந்தவன் ஒருவனின் பெயரை, அவன் செய்த திருப்பணி நோக்கி, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சந்நிதியிலே சொல்லி வருகின்றோம். வெளியிலிருந்து வந்தோரை உள்ளத்தில் ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை இக்கோயிலின் பழைய குணம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. காண வருவோர் பூசை வேளையிற் கட்டியத்தைச் செவிகொடுத்துக் கேட்பாராக. கல்வெட்டுப் படிப்பது போன்ற பயன் அதில் உண்டு.

இன்று நாம் வழிபடுங் கோயில் பழைய கோயில் இருந்த இடத்தில் இல்லை. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621 இல் அவர்தந் தளபதி பிலிப்பு தெ ஒலிவேரா நல்லூரிற் பாளையமிறங்கிக் கந்தசுவாமி கோயிலை அடியோடு இடிப்பித்தான். பழைய கோயிற் பகுதியிலே பின்னர்க் கிறித்தவ தேவாலயம் எழுந்தது. முத்திரைச் சந்தியை அடுத்துள்ள அந்நிலத்தையும், அயலிலுள்ள யமுனா ஏரியையும், சங்கிலித்தோப்பு வளைவையும் ஒரு காலை வேளையிலே நடந்து கண்டபின்பே விருந்தினர் இன்றைய கோயிலுக்கு வருதல் வேண்டும் என்பது எமது துணிபு. இடிந்ததை முதலிற் கண்டவனுக்கே எழுந்ததன் அருமை விளங்கும்.

போர்த்துக்கேயருக்குப் பின் 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர் ஆட்சியின் முற்பகுதியிற் சைவர் வெளிப்படையாகப் பூசை செய்யவும் விழா எடுக்கவும் இயலவில்லை. வாழையிலையில் உண்டுவிட்டு அவ்விலையைக் கூரையில் மறைத்து விரதங் காத்த கதைகளை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பதினெட்டாம் நூற்றாண்டிலே கட்டுப்பாடு தளர்ந்தது. 1734 ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் கச்சேரியிலே உத்தியோகம் வகித்த இரகுநாத மாப்பாண முதலியார், குருக்கள்வளவு என்னும் இடத்திலே இப்போதைய கோயிலைத் தொடக்கினார். கல்லும் செங்கல்லும் கொண்டு எழுப்பி ஓலையால் வேய்ந்த சிறு கோயிலாகவே அது தொடங்கிற்று. மூலத்தானத்திலே திருவுருவத்துக்குப் பதிலாக வேல் அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நல்லூரிற் பிறந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879), கோயிலமைப்பும் நடைமுறைகளும் ஆகம விதிக்கு இணங்குதல் வேண்டும் என்று வாதாடினார். கோயில்களிலே உயிர்ப்பலியும் பொதுமகளிர் நடனமும் நிகழ்தலைக் கண்டித்தார். அவர் வாதங்கள் யாவும் நிறைவேறின அல்ல. வேலே இன்றும் மூலவர். எனினும் விழாவிலே இன்று காணும் ஒழுங்குக்கு அந்நூற்றாண்டின் கண்டனங்களும் ஒரு காரணம். இன்று வானளாவி நிற்கும் தெற்கு இராசகோபுரமோ 2011 இலும், வடக்கு இராசகோபுரமோ 2015 இலும் குடமுழுக்குக் கண்டவை. எனவே கோபுரத்தைப் பார்த்துக் கோயிலின் வயதை மதிப்பிடுதல் தவறு.

இனி வீதியுலாவின் தத்துவத்தைச் சிறிது சிந்திப்பாம். களியாட்டு ஊர்வலத்திலே ஊரார் வேடம் புனைந்து செல்வர். மற்றையோர் இருமருங்கும் நின்று பார்ப்பர். அங்கே ஆடுவோரும் காண்போரும் வேறு வேறு. நமது வீதியுலா அத்தகையதன்று. உள்ளே இருப்பவன் வெளியே வருகின்றான். கோயிலுக்கு வரமாட்டாத முதியோர்க்கும் பிணியாளர்க்கும் வழிப்போக்கர்க்கும் காட்சி கொடுக்க எழுந்தருளுகின்றான். நாம் அவனைக் காண்பதினும், அவன் நம்மைக் காண வருகின்றான் என்பதே முறை. ஆதலின் அங்கே வெறும் பார்வையாளன் என ஒருவன் இல்லை. நின்றவிடத்திலேயே அவன் விழாவின் ஓர் உறுப்பாகிவிடுகின்றான். கண்டிப் பெரகராவையும் இவ்வகையிலே ஒப்புநோக்கலாம். நாதன், விட்டுணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகிய நால்வர் தேவாலயங்களின் உலாவாய் இருந்த அவ்விழாவிலே, கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், 1775 இல், புத்தபெருமானின் தந்ததாது முதலிடம் பெற்றது. ஒரு விழாவிலே யார் முன் செல்வது, யார் பின் செல்வது, யாருக்கு இடமுண்டு என்பன என்றும் நிலைத்த விதிகளல்ல. காலந்தோறும் மனிதர் வகுத்தவையே என்பதை அவ்வரலாறும் காட்டுகின்றது.

இத்தத்துவத்தை உளங்கொண்டால், விருந்தினர் ஒழுகவேண்டிய முறைகள் தாமே விளங்கும். திருவிழாக் காலத்திலே கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலே வாகனங்கள் தடுக்கப்பட்டு வெண்மணல் பரப்பப்படுகின்றது. மணல் பரப்பிய இடம் யாவும் கோயிலே எனக் கருதி, எல்லைக்கு வெளியிலேயே பாதரட்சையைக் கழற்றிவிடல் வேண்டும். அம்மணலிலே விடியற்புறத்தில் ஆடவர் அங்கப்பிரதட்சணம் செய்வர். பெண்டிர் அடியழித்து வருவர். அவர் வருங்கால் விலகி வழிவிடுதல் விருந்தினரின் முதற்கடமை. கோயிலுள்ளே புகும் ஆடவர் மேற்சட்டையைக் களைந்து வேட்டியுடன் செல்லல் வேண்டும். பெண்டிர் சேலை முதலிய அடக்கமான உடையுடன் வரல் வேண்டும். உள்ளே படம் பிடித்தல் ஆகாது. வெளிவீதியிலும் காவடி எடுப்போரின் முகத்தருகே கருவியை நீட்டுதல் பண்பன்று. முதுகிலே செடில் குத்தி ஆடுபவன் கூத்தன் அல்லன். தன் பிள்ளையின் நோய் தீர்ந்தமைக்கு நேர்த்திக்கடன் செலுத்தும் தந்தையாக இருக்கலாம். அர்ச்சனைச் சீட்டு நெடுங்காலமாக 1 ரூபாவாகவே இருந்து வருகின்றது. செல்வன் வறியவன் என்னும் வேறுபாடு அங்கே இல்லை.

மேற்சட்டை களைதலைப் பற்றி ஒன்று கூறாது விடமுடியாது. இதனைப் பிறநாட்டார் சிலர் விநோதமாகக் கருதுவர். முற்காலத்தில் யாழ்ப்பாணத்திலே மேலாடை ஒரு சமூக அடையாளம். உயர்ந்தோர் எனப்பட்டோர் முன் தாழ்ந்தோர் எனப்பட்டோர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து அரையிலே கட்டுதல் வேண்டும் என்பது வழக்கு. கந்தன் முன்னிலையிலோ நீதிபதியும் தோட்டக்காரனும் ஒருங்கே சால்வையை அரையிற் கட்டுகின்றனர். அவ்வகையிலே இவ்வழக்கம் சமத்துவத்தின் சின்னமாகும். ஆயின் அச்சமத்துவம் எல்லார்க்கும் எப்பொழுதும் கிடைத்ததன்று.

இவ்விடத்திற் சரித்திரம் நமக்குக் கசப்பான ஒரு பாடத்தைப் புகட்டுகின்றது. சுவாமி வீதிக்கு எழுந்தருளுவது எல்லார்க்கும் காட்சி தரவே என்றோம். இதே நியாயத்தை எடுத்துக்கொண்டு, வீதியிற் காட்சி கிடைக்கின்றதே, உள்ளே ஏன் வரவேண்டும் என்று சிலரை நோக்கிக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. தேருக்கு மரம் தந்தவனும், பறை முழக்கியவனும், வீதியைத் துப்புரவு செய்தவனும் வாயிலுக்கு வெளியே நின்றனர். வடத்திலே கை வைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. ஐந்நூறு ஆண்டுகளாய்ப் படையெடுத்து வந்தவனின் பெயரைச் சந்நிதியிற் சொல்லி வந்தவர்கள், அடுத்த தெருவில் வாழ்ந்தவனை விருந்தினனாகத்தானும் உள்ளே அழைக்கவில்லை. 1956 ஆம் ஆண்டளவிலே நல்லூர் உட்படக் குடாநாட்டின் பெருங்கோயில்கள் சில எல்லார்க்கும் திறக்கப்பட்டன. 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. எனினும் சட்டம் வந்தவுடன் கதவுகள் யாவும் திறக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசம் வேண்டிச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. எதிர்த்து நின்றோரும் உளர். அதன் தொடர்பில் எழுந்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. இன்றும் சிற்றூர்க் கோயில்கள் சிலவற்றிலே, தேர் இழுக்கும் வடம் யார் கையில் என்னும் பிணக்கு எழுகின்றது. மனிதக் கைகள் பல கூடின் பிணக்கு வரும் என்று அஞ்சி, இயந்திரத்தைக் கொண்டு தேரை இழுத்த செய்தியும் நம் செவிக்கு எட்டியுள்ளது.

ஆதலின் நல்லூர்த் தேரன்று வடத்தை நோக்குமாறு விருந்தினர்க்குக் கூறுவோம். தேரின் சிற்பத்தையும் சண்முகப் பெருமானின் அலங்காரத்தையும் எல்லாரும் பார்ப்பர். அவற்றின்மேற் கண்ணோட்டியபின், வடம் பற்றி நிற்கும் ஆயிரக்கணக்கான கைகளைப் பாருங்கள். யாருடைய கை எது என்று அங்கே பிரித்தறிய முடியாது. அந்த அறியாமையைப் பெறுதற்கு எத்தனையோ பேர் பட்ட அவமானங்களும் அடிகளும் விலையாய்க் கொடுக்கப்பட்டன. தேர் வெளிவீதியை வலமாகச் சுற்றி வந்து இருப்பிடத்தை அடைந்தபின், பச்சை சாத்திய திருக்கோலத்திலே பெருமான் தேரினின்றும் இறங்குவான். கூட்டம் குறைந்திருக்கும் அவ்வேளை, அமைதியாகத் தரிசிக்க ஏற்ற வேளையாகும்.

இசையையும் விருந்தினர் மறத்தல் ஆகாது. சுவாமி புறப்படும்பொழுது நாதசுரத்திலே வாசிக்கப்படுவது மல்லாரி. அதற்குச் சாகித்தியம் இல்லை. தாளமே அதன் உயிர். கேட்கத் தெரிந்தவன் கண்ணை மூடிக்கொண்டே சுவாமி எங்கே வருகின்றார் என்று சொல்லிவிடுவான். தவில் வாசிப்பிலே யாழ்ப்பாணம் தமிழ்நாட்டாரும் வியக்கும் புகழ் பெற்றது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) அப்புகழின் சிகரம். முன்னாளிலே நம் ஊர்த் திருவிழாக்களிற் பெரியமேளமும் சின்னமேளமும் போட்டியிட்டன. சின்னமேளம் மறைந்தது, பெரியமேளம் நிலைத்தது.

காண வருவோர் எவ்வழியாக வந்தனர் என்பதும் சரித்திரமே. முற்காலத்தில் வட்டுக்கோட்டையிலிருந்து நல்லூருக்கு ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தூரத்தை எம்மூரார் நடந்தும் மாட்டுவண்டிலிலும் கடந்தனர். கட்டுச்சோற்றுடன் சென்று தேர் முடித்துத் திரும்பினர். 1905 இற் கொழும்புப் புகைவண்டிப் பாதை முற்றுப்பெற்றபின், தென்னிலங்கையிலே தொழில் செய்தோர் விடுமுறை எடுத்து வருதல் எளிதாயிற்று. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 இற் போரினால் அப்பாதை அறுந்தது. 1987 ஒக்டோபரிலே போர் மூண்டபொழுது பல்லாயிரவர் நல்லூர்க் கோயிலிலேயே அடைக்கலம் புகுந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் யாவரும் ஊரை விட்டே பெயர்ந்தனர். 2002 ஏப்பிரிலிற் கண்டி வீதி திறந்தது. பிரிந்தோர் பலர் பல்லாண்டுக்குப் பின் அவ்வாண்டு விழாவிலே ஒருவரை ஒருவர் கண்டனர். 2006 ஆகஸ்டில், நல்லூர் விழா நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, வீதி மீண்டும் அடைபட்டது. வந்தவர் திரும்ப வழியில்லை. வர நினைத்தவர்க்கு வர வழியில்லை. போர் 2009 இல் ஓய்ந்தபின் வீதி திறந்தது; 2014 ஒக்டோபரிற் புகைவண்டி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. இன்று இருக்கை முற்பதிவு செய்துகொண்டு வருபவர், தாம் வரும் பாதை இருபத்துநான்கு ஆண்டு இல்லாதிருந்தது என்பதை நினைப்பாராயின், வழியில் நேரும் சிறு தாமதங்களைப் பொறுத்துக்கொள்வர்.

அவ்வாறு வருவோருள் ஒருசாரார் நம்மவரே. கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளிலே வாழ்ந்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகின்றனர். அப்பிள்ளைகளுக்கு நல்லூர் புதிய ஊர்; ஆயினும் தேர் புதிதன்று. பாரிசு மாநகரிலே மாணிக்க விநாயகர் தேர் ஆண்டுதோறும் பொதுவீதியிலே ஓடுகின்றது. செருமனியிலே ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002 இற் குடமுழுக்குக் கண்டது. அதன் விழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அங்கே முறை தலைகீழாகின்றது. வீதி அந்நாட்டாருடையது, நகரசபையிடம் அனுமதி பெற்றே தேர் இழுக்கின்றோம். செருமானியர் தம் வீட்டு வாயிலில் நின்று பார்க்கின்றனர். அவர்களுக்கு நாம் பிரசாதம் கொடுக்கின்றோம். பிறருடைய வீதியிலே நமக்கு இடம் கிடைத்தது என்பதை அறிந்தவன், தன் வீதியிலே பிறர்க்கு இடம் மறுத்தல் எங்ஙனம் தகும்?

நல்லூரோடு திரும்பாது குடாநாட்டின் ஏனைய ஊர்களையும் காணுதல் நன்று. செல்வச்சந்நிதிக்குச் செல்வோர், பூசகர் வாய்கட்டி மௌனமாகப் பூசை செய்வதைக் காண்பர். அங்குள்ள மடங்களிலே எவர்க்கும் அன்னம் கிடைக்கும். எமது வட்டுக்கோட்டையும் விருந்தினர்க்குக் காட்டத்தக்க சிறப்பு உடையது. சங்கரத்தைப் பிட்டியம்பதிப் பத்திரகாளி கோயிலின் புகழ் பாடிய கணபதி ஐயர், பதினெட்டாம் நூற்றாண்டிலே நாடகங்கள் பல இயற்றியவர். எம்மூர் நாட்டுக்கூத்தின் ஆட்டமுறைக்குத் தனிப்பெயர் வழங்கும் அளவுக்கு அம்மரபு வேரூன்றியிருந்தது. அம்மன் கோயில் வீதிகளிலே காத்தவராயன் கூத்து நிகழும் செய்தி கேட்டால், உறக்கத்தை ஓர் இரவு துறந்து சென்று பார்த்தல் வேண்டும். கூத்துக்கு முன்வரிசை இருக்கை கிடையாது. பாயைக் கொண்டுசென்று ஊராரோடு இருத்தலே முறை.

உணவைப் பற்றியும் ஒரு சொல். நல்லூர்க் கொடியேறினால் யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளிலே மச்சம் விலக்கப்படும். விருந்துக்கு அழைக்கப்பட்டவர் அந்நாட்களிலே மீனும் நண்டும் எதிர்பார்த்தல் கூடாது; அவற்றுக்குப் பின்னர் ஒரு முறை வருவாராக. வீதியோரத்துத் தண்ணீர்ப்பந்தல்களிலே மோரும் சர்க்கரைத் தண்ணீரும் விலையின்றி வழங்குவர். வேண்டா என்று மறுத்தல் ஆகாது. ஒரு மிடறேனும் பருகுதல் கொடுப்போர்க்குச் செய்யும் மரியாதை. கச்சான் கடைகளிலே கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு வீடு திரும்பாதவன் நல்லூர்த் திருவிழாவுக்குச் சென்றதாகப் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதுகாறுங் கூறியவற்றால் விருந்தினர் கடமை ஒன்றும், ஊரார் கடமை ஒன்றும் பெறப்படும். விருந்தினர் கடமை, வீதியிலே தமக்குரிய இடத்தை அறிந்து நிற்றல். அடியாரை மறைக்காமலும், அவர் வழிபாட்டைக் காட்சிப்பொருளாக்காமலும் நிற்றல். ஊரார் கடமை, வந்தோர் யாவர்க்கும் இடங் கொடுத்தல். கடல்கடந்து வந்தவனுக்கு முன்வரிசையும், அயலில் வாழ்பவனுக்குப் பின்வரிசையும் கொடுப்போமாயின் அது விருந்தோம்பலாகாது. நல்லூர்க் கோயில் ஒருமுறை இடிக்கப்பட்டது. வேற்றிடத்தில் ஓலைக்கூரையுடன் மீண்டும் எழுந்தது. அது எழுந்து நிலைத்தமைக்குக் காரணம் கல்லும் கோபுரமும் அல்ல. ஆண்டுதோறும் மணலிலே வந்து கூடிய மக்களே. அம்மக்களுள் எவரையும் வெளியே நிறுத்தாத வீதியே திருவீதி என்னும் பெயர்க்கு உரியது. இதனைப் படிக்கும் மாணவர், வரும் ஆண்டிலே தம் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் அவர்களைக் கைபற்றி நல்லூருக்கு அழைத்துச் செல்லுக. செல்லும்பொழுது அடுத்த வீட்டாரையும் அடுத்த தெருவாரையும் உடனழைத்துச் செல்லுக.